தாங்கலைத் தூர்த்தவர்க்குத் தாங்கும் நிலம் ஏது?

ஊர்ப்பெயர் என்பது வாயில் வந்த வெற்றொலி அன்று. நிலத்தின் இயல்பறிந்த முன்னோர் பின்னோர்க்கு எழுதிவைத்த எச்சரிக்கை அது. பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல், வேடந்தாங்கல் என்னும் பெயர்களைப் பேருந்துப் பலகைகளில் நாள்தோறும் படிக்கின்றோம். தாங்கல் என்பது யாது? வரும் நீரைத் தாங்கி நிறுத்தும் சிற்றேரி. தாங்குதலால் தாங்கல்; ஏந்துதலால் ஏந்தல். வினையே பெயராயிற்று. நாமோ பெயரைப் பலகையில் எழுதிவைத்துவிட்டுப் பொருளைத் தூர்த்துவிட்டோம்.

2015-ஆம் ஆண்டுக் கார்காலத்தில் இடுகுறிப் பெயரும் காரணப் பெயரும் வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தேன். தாங்கல் என முடியும் பெயருடைய தெருவிலிருந்து வரும் மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, எங்கள் தெருப்பெயர் இடுகுறியா, காரணமா? அங்கே ஏரியே இல்லையே!" என்றான். "காரணப் பெயரே, தம்பி, காரணத்தை இடையில் வந்தவர்கள் மூடிவிட்டார்கள்" என்றேன். மூன்று கிழமை சென்றது. திசம்பர் முதல் நாள்களில் அவன் குடும்பம் முழுவதும் நனைந்த துணியோடு எங்கள் பள்ளி மாடியில் வந்து தங்கியது. என்னைக் கண்டதும் அச்சிறுவன், "ஐயா, காரணப் பெயர்தான்" என்றான். முப்பதாண்டு இலக்கணம் கற்பித்த எனக்கு அதற்கு மறுமொழி கூற வாய் வரவில்லை.

அவ்விரவில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறக்கப்பெற்றது. அம் மழைவெள்ளத்தில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். நான்கே ஆண்டு கழித்து, 2019-இல், அதே செம்பரம்பாக்கமும் புழலும் பூண்டியும் சோழவரமும் வறண்டு வெடித்தன. சூலைத் திங்களில், இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சோலையார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில், ஒரு நடைக்கு 25 இலக்கம் இலிட்டராகக் குடிநீர் வந்தது. வெள்ளத்தால் சாவதும் விக்கலால் சாவதும் ஒரே நகர்க்கு நேர்வானேன்? பெய்த நீரைத் தாங்க இடமின்மையே இரண்டிற்கும் காரணம். இதனை இயற்கைப் பேரிடர் என்பது இயற்கையின்மேல் பழி சுமத்துவதன்றி வேறென்னை?

சென்னையின் விரிவு வரலாறு ஏரி தூர்த்த வரலாறே. 1920-களில், ஆங்கிலேயர் ஆட்சியில், மாம்பலத்து நெடிய ஏரியை வற்றச்செய்து தியாகராய நகரை அமைத்தனர். அவர் அயலார்; ஏரியின் அருமை அறியார் என்று விட்டுவிடலாம். நம்மவர் ஆளத் தொடங்கியபின் நடந்தது என்ன? நுங்கம்பாக்கத்து ஏரி நிலத்தின்மேல் 1976-இல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பெற்றது. வான்சிறப்பை இரண்டாம் அதிகாரமாக வைத்தவர்க்கு, நாட்டின் உறுப்புகளை எண்ணுங்கால் நீரையே முதற்கண் எண்ணியவர்க்கு, நீரைத் தூர்த்த இடத்திலா கற்றேர்? அத் தேரைக் கண்டு கைகூப்பியவருள் நானும் ஒருவன். ஆதலின் இப்பழியில் எனக்கும் பங்குண்டு. முகப்பேரிலோ வீட்டுமனைத் திட்டத்திற்கு 'ஏரித் திட்டம்' என்றே பெயர். ஏரியைக் காக்கும் திட்டம் என எண்ணி ஏமாறற்க. ஏரியில் வீடு கட்டிய திட்டம் அது!

கழுவெளி என மக்கள் வழங்கிய பள்ளிக்கரணைச் சதுப்பு, ஒரு காலத்தில் பல்லாயிரம் எக்டேர் பரந்து கிடந்தது. தென்சென்னை ஏரிகள் பலவற்றின் மிகைநீரை வாங்கி, ஒக்கியம் மடுவு வழியாகக் கடலுக்கு அனுப்பிய பெருவயிறு அது. அதன்மேல் மாநகரக் குப்பை கொட்டப்பெற்றது, சாலை போடப்பெற்றது, கண்ணாடி மாளிகைகள் எழும்பின. 2022-இல் உலக நாடுகளின் இராம்சார் பட்டியலில் அது சேர்க்கப்பெற்றபோது எண்ணத்தக்கதாய் எஞ்சியிருந்த பரப்பு ஏறத்தாழ 1,247 எக்டேரே.

அதே 2022-இல் மற்றோர் ஆணையும் வந்தது. சென்னைப் பெருநகர்ப் பகுதி 1,189 சதுரக் கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுரக் கிலோமீட்டராக, ஏறத்தாழ ஐம்மடங்காக, விரிக்கப்பெற்றது. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, இராணிப்பேட்டை மாவட்டங்களின் ஊர்கள் அதனுள் வந்தன. 1970-களில் முதல் முழுமைத் திட்டம், 2008-இல் இரண்டாவது, 2026 முதல் 2046 வரைக்கென மூன்றாவது. தமிழ் மக்களே, இம் மாவட்டங்கள் எத்தகையன? பேராறு ஏதும் ஆண்டு முழுவதும் பாயாத நிலத்தில், ஏரிக்குப்பின் ஏரியாக வெட்டித் தொடுத்து, மழையொன்றையே நம்பி நெல் விளைவித்த ஏரி நாடு அது. அதனை மனை நாடாக்குமுன் அதன் மொழியைக் கற்க வேண்டாவோ?

மொழி என்றது ஏன் எனச் சிலர் நகைப்பர். நகைப்போர் கேட்க! ஏரி, தாங்கல், ஏந்தல், குளம், குட்டை, ஊருணி, மடு, ஓடை, கழி என நாம் வேறுவேறாகக் கண்டவற்றையெல்லாம் ஆங்கில அலுவல்நடை 'வாட்டர் பாடி' என்னும் ஒரே பைக்குள் போட்டுக் கட்டுகின்றது. ஏரியென்பது நீர் நிற்கும் பரப்பு மட்டுமோ? நீர் வந்து சேரும் வரத்துக்கால், கரை, மதகு, மிகைநீர் வழியும் கலங்கல், அது அடுத்த ஏரிக்குச் செல்லும் போக்குக்கால் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே ஏரி. வரைபடத்தில் ஏரிக்கு நீலம் பூசிவிட்டு வரத்துக்காலுக்குப் பெயர் எழுதாவிடின், அவ்விடம் வெற்று நிலமாகிவிடும்; வெற்று நிலம் மனையாகும்; மனை விலையாகும். பெயரற்றதைக் காக்கச் சட்டத்தாலும் இயலாது. பின்னர் அம் மனைக்கு 'லேக் வியூ' எனப் பெயர் சூட்டி விற்பர். வாங்கியவர் முதல் மழையிலேயே ஏரியைக் காண்பர், தம் படுக்கையறைக்குள்!

இதில் பெருங்கொடுமை ஏழையர்க்கு இழைக்கப்பெற்றது. ஆற்றங்கரையில் குடியிருத்தல் ஏதம் எனக் கூறிக் கூவம், அடையாற்றுக் கரைவாழ் மக்களைப் பெயர்த்தனர். பெயர்த்து எங்கே வைத்தனர்? செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும், அதாவது பள்ளிக்கரணைக் கழுவெளியை அடுத்த தாழ்நிலத்தில்! வெள்ளத்தினின்று காத்து வெள்ளத்திலேயே குடிவைத்த அறிவை என்னென்பது? அடுப்பெரியும் தொழிலும் பிள்ளைகளின் பள்ளியும் பறிபோயின. வெள்ளம் மட்டும் உடன்வந்தது.

"நகர் வளர வேண்டாவா? மக்கள் எங்கே குடியிருப்பர்?" எனக் கேட்பர். வளர்க, நாம் தடுப்பார் அல்லேம். வீடற்றவர்க்கு வீடு வேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை. மேட்டில் குடியும் பள்ளத்தில் நீரும் என்பதே நம் முன்னோர் வகுத்த ஊரமைப்பு. உத்தரமேரூர்க் கல்வெட்டைக் காண்க. முதற் பராந்தகன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டிலேயே, ஏரி வாரியம் எனத் தனிக்குழுவைக் குடவோலையால் தேர்ந்தனர். ஆயிரம் ஆண்டுக்கு முன் ஊரார்க்கு இருந்த உரிமை இன்று ஏன் இல்லை?

ஆதலின் நாம் கேட்பன மூன்றே. ஒன்று: விரிவுத் திட்டம் முதற்கண் தமிழில் எழுதப்பெறல் வேண்டும், பிறிதொன்றின் மொழிபெயர்ப்பாக அன்று. தன் நிலத்தைப்பற்றிய முடிவைப் படித்தறிய இயலாத உழவன் எங்ஙனம் மறுப்புரைப்பான்? மறுப்பு வரவில்லை என்று கூறி அவன் வாய்க்காலை மூடுதல் முறையாகுமோ? இரண்டு: ஊர்தோறும் ஏரியையும் அதன் வரத்துக்கால், கலங்கல், போக்குக்கால்களையும் ஊர் வழங்கும் பெயராலேயே பட்டியலிட்டு, ஊரவை ஏற்றபின்னரே ஒரு மனைக்கேனும் இசைவளித்தல் வேண்டும். மூன்று: நீர்வழியில் தனியார் கட்டினும் அரசே கட்டினும் ஒரே நீதி வேண்டும். குடிசைக்கு ஒரு சட்டமும் மாளிகைக்கு ஒரு சட்டமும் கூடா.

அன்பர்களே! வரும் ஞாயிறன்று உங்கள் ஊர் முதியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு ஏரிக்கரை மேல் நடந்து வாருங்கள். கலங்கல் எங்கே, வரத்துக்கால் எங்கே எனக் கேட்டு எழுதுங்கள். உங்கள் பிள்ளைகளை எழுதச் செய்யுங்கள். அம் முதியவர் மறைந்தால் அப்பெயர்களும் மறையும். நாம் மறந்தாலும் நீர் தன் வழியை மறவாது. அது மீண்டும் வரும்போது, அன்று அச் சிறுவன் முன் நான் நின்றதுபோல், நீங்களும் வாயடைத்து நிற்கலாகாது.