நாலடி பால்கனியில் யார் உட்காரப் போகிறார்கள்?

சென்னையில் பல ஃபிளாட்களில் பால்கனி என்பது 4 அடிக்கு 8 அடி. ஒரு மூலையை ஏ.சி.யின் வெளி யூனிட் எடுத்துக்கொள்ளும். இன்னொரு மூலையில் வாஷிங் மெஷின். தலைக்கு மேலே துணிக்கொடி. மிச்சம் இருக்கும் இடத்தில்தான், இன்ஸ்டாகிராமில் பார்த்த முட்டை வடிவ ஊஞ்சலைப் போடலாமா என்று யோசிக்கிறோம்.

போடலாம். ஆனால் ஸ்டாண்டோடு வரும் ஊஞ்சலின் அடிப்பகுதியே சுமார் 3 அடி அகலம் இருக்கும். அப்புறம் துணி காயப்போடப் போகிறவர் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும். கூரையில் கொக்கி மாட்டலாம் என்றால், வாடகை வீட்டில் ஓனர் சம்மதிக்க வேண்டுமே!

அதனால் கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு கேள்வி. அங்கே யார் உட்காரப் போகிறார்கள்? ஊரிலிருந்து வந்து தங்கும் அப்பாவோ பாட்டியோ என்றால் அந்த பால்கனிதான் அவர்களுக்குத் திண்ணை. நாள் முழுக்க டி.வி. சோபாவில் உட்கார வைக்காமல், தெருவைப் பார்த்தபடி காபி குடிக்க அவர்களுக்கு ஓர் இடம் கொடுப்பது, என்னைக் கேட்டால், எந்த அலங்காரத்தையும்விட முக்கியம். அப்படியானால் தரையோடு தரையாகப் போடும் குஷன், தாழ்வான பிரம்பு மோடா இதெல்லாம் போட்டோவுக்கு மட்டும்தான். முழங்கால் வலி உள்ளவருக்கு 17, 18 இன்ச் உயரமும், ஊன்றி எழுந்திருக்கக் கைப்பிடியும் உள்ள நாற்காலி வேண்டும்.

அதை எந்தப் பக்கம் போடுவது? 4 அடி என்றால் 48 இன்ச். சுவரோரமாகப் போட்டு வெளியே பார்த்து உட்கார்ந்தால் நாற்காலிக்கு 20 இன்ச், காலுக்கு 16 இன்ச் போய்விடும். மீதி 12 இன்ச்தான், யாரும் தாண்டிப் போக முடியாது. அதே நாற்காலியைக் குறுகலான ஓரத்தில், பால்கனியின் நீளத்தைப் பார்த்தபடி போடுங்கள். அகலம் 22 இன்ச் என்றாலும் பக்கத்தில் 26 இன்ச் வழி கிடைக்கும். வாங்குவதற்கு முன், நாற்காலியின் அளவில் தரையில் பழைய நியூஸ்பேப்பரை விரித்து, கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். வெளிப்பக்கம் திறக்கும் கதவாக இருந்தால் பாதிக் கனவு அங்கேயே கலைந்துவிடும்.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் கணக்கு வேறு. கைப்பிடிச் சுவர் மூன்றரை அடி என்று வைத்துக்கொள்வோம். அதன் பக்கத்தில் ஒன்றரை அடி உயரத்தில் ஒரு ஸ்டூல் இருந்தால், ஏறி நிற்கும் குழந்தைக்கு மிஞ்சும் தடுப்பு 2 அடிதான். மூன்று வயதுக் குழந்தை ஏறக்குறைய 3 அடி உயரம். தடுப்பு அதன் நெஞ்சுக்குக்கூட வராது. பெரிய பூந்தொட்டி, கவிழ்த்துவைத்த வாளி எல்லாமே படிக்கட்டுதான். மடக்கு நாற்காலி வாங்கி, எழுந்ததும் மடித்து உள்ளே எடுத்துவைப்பதைத் தவிர இதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை. குழந்தை கொஞ்சம் வளரும்வரை கிரில் ஓரத்தில் எதுவும் வேண்டாம்.

எந்தப் பொருளில் வாங்குவது? பார்ட்டிகிள் போர்டு வேண்டவே வேண்டாம், ஒரு மழைச் சாரலுக்கே உப்பிவிடும். பிரம்பு அழகுதான், ஆனால் நனைந்து நனைந்து கறுத்துப் பூஞ்சை பிடிக்கும். திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடலோரத்தில் இரும்பில் பெயின்ட் உரிந்த இடத்திலிருந்து துரு கிளம்பிவிடும். பிரம்பு மாதிரி பின்னிய பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஃபிரேம் அலுமினியம் என்பார்கள். ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஒட்டினால் அது அலுமினியம் இல்லை. ‘ஸ்டைலாக இல்லை’ என்று நாம் ஒதுக்கும் சாதாரண பிளாஸ்டிக் நாற்காலி வெயிலில் வெளுக்குமே தவிர, இந்த ஊர் உப்புக் காற்றை அசராமல் தாங்கும். ஒரு காட்டன் துண்டை மடித்து விரித்தால் போதும்.

புல் மாதிரி விரிப்பு வாங்கும் ஆசை எல்லோருக்கும் வருகிறது. மேற்குப் பார்த்த பால்கனியில் மே மாதம் மதியம் 3 மணிக்கு அதில் வெறுங்காலோடு நின்று பாருங்கள், தெரியும். மழை நாளில் அடியில் தண்ணீர் தேங்கி வாடையும் வரும். கோரைப் பாய் மேல். மாலையில் விரிக்கலாம், சுருட்டி எடுக்கலாம்.

தொட்டிகளை நாற்காலிக்கு இடம் ஒதுக்கிய பிறகு வாங்குங்கள். ஈர மண்ணோடு 12 இன்ச் தொட்டி 20 கிலோவுக்குக் குறையாது. தென்னைநார்க் கழிவு கலந்தால் பாரம் குறையும். வெயில் நன்றாக விழுந்தால் துளசி, மல்லி. விழாவிட்டால் மணி பிளான்ட்டோடு திருப்திப்பட்டுக்கொள்ளலாம். ஏ.சி. யூனிட்டின் அனல் காற்றுக்கு எதிரே எதை வைத்தாலும் கருகும். தொட்டிக்கு அடியில் உள்ள தட்டில் தேங்கும் தண்ணீரை வாரம் ஒருமுறையாவது கொட்டிவிடுங்கள். டெங்கு பரப்பும் கொசுவுக்கு அந்தச் சுத்தமான தண்ணீர் போதும்.

தொங்கும் தொட்டிகளைக் கிரில்லுக்கு வெளிப்பக்கம் மாட்டாதீர்கள், கீழே ஆள் நடமாட்டம் இருக்கும். 2016 டிசம்பரில் வர்தா புயல் மரங்களையே சாய்த்த ஊர் இது. அக்டோபர் பிறந்ததும் தொங்குவதையெல்லாம் கழற்றித் தரையில் இறக்கிவிடுங்கள். மடக்கு நாற்காலி கட்டிலுக்கு அடியில் போகட்டும். துணிக்கொடி மட்டும் இருக்கட்டும், மழைக்காலத்தில் அதற்குத்தான் வீட்டில் அடிதடி.