பாட்டனாரின் பேனா

பாட்டனார் 1940 ஆம் ஆண்டில் தமது திருமணப் பதிவிலே கையொப்பமிட்ட பேனா இதுவெனக் கூறித் தந்தையார் நமக்கு ஒன்றைத் தந்தார். கூர் மறைந்த அதன் முகத்தைக் கண்டதுமே பார்க்கர் 51 என்றறிந்தோம். அப்பேனா கடைக்கு வந்ததோ 1941 இல்!

உருப்பெருக்குக் கண்ணாடியால் நோக்கினோம். உடலிற் பொறித்த எழுத்துக்களருகே 5 என்னும் இலக்கமும் இரு புள்ளிகளும் தெரிந்தன. இலக்கம் ஆண்டின் ஈற்றெண். புள்ளிகள் முதற் காலாண்டில் மூன்று; பின்னர் காலாண்டுக்கு ஒன்றாகக் குறையும். ஆயின் 1945 ஆ, 1955 ஆ? அடிமூடியைத் திருகிக் கழற்றினோம். மை நிரப்புதற்கு அழுத்தும் தண்டு இருந்தது. அமெரிக்காவிற் செய்த இவ்வகைப் பேனாக்களில் 1948 இல் அதனிடத்தை மைப்பை பிடித்துக்கொண்டது. ஆகவே 1945, இரண்டாங் காலாண்டு.

தந்தையார் பிறந்த ஆண்டும் அதுவே. அன்று மாலையே அவரிடம் சொன்னோம். பேனாவைத் திரும்ப வாங்கி, நெடுநேரம் கையில் வைத்திருந்தார்.