அமர்வுக்கு முன் வடிகட்டி

வாடகைக்கு எடுத்த சிறியதொரு விபிஎஸ் சர்வரில் ‘பேர்டு’ மென்பொருளை நிறுவி, சொந்தத் தன்னாட்சி வலையமைப்பு எண்ணுடன் பிஜிபி அமர்வைத் தொடங்குதல் இன்று ஆய்வு மாணவர்க்கும் எட்டும் செயலே. இந்தியாவில் அவ்வெண்ணையும் ஐபி முகவரிகளையும் நிக்சியின் அங்கமான ஐஆர்ஐஎன்என் வழங்குகிறது. ஆயினும், அமர்வு நிலைபெற்றதுமே வேலை முடிந்தது எனக் கருதுதல் தவறு. தாம் வெளியே அறிவிப்பது எது என்பதைச் சோதித்தலே முதற்பணி.

ஏனெனில், பிஜிபி அண்டை வலையமைப்பின் சொல்லை இயல்பாகவே நம்பும் நெறிமுறை. 2008 பிப்ரவரி 24 அன்று, நாட்டுக்குள் யூடியூபைத் தடுப்பதற்காகப் பாகிஸ்தான் டெலிகாம் இட்ட வழித்தட அறிவிப்பு வெளியே கசிந்தது. அதன் மேல்நிலை நிறுவனம் அதை வடிகட்டாமல் உலகுக்குக் கடத்தியது. சுமார் 2 மணி நேரம் உலகின் பெரும்பகுதிக்கு யூடியூப் எட்டாமற்போயிற்று.

ஆகவே, தமது முகவரித் தொகுதியை மட்டுமே வெளிவிடும் வடிகட்டியை எழுதிய பின்னரே அமர்வைத் திறத்தல் வேண்டும். அத்தொகுதிக்குரிய சான்றை ஆர்பிகேஐயில் பதிதலும் வேண்டும். சர்வர் வழங்குவோரும் வாடிக்கையாளரின் அறிவிப்பைச் சரிபார்த்தே ஏற்க வேண்டும். இவ்விரு தாழ்களும் இருப்பின், கற்பவரின் தட்டச்சுப் பிழை அவரது சர்வரோடு நின்றுவிடும்.