அழுகையைக் கேட்பவரையும் கேட்போம்

பேச்சறியாத சிசுவுக்கு மனநோவு ஏது என்று நம்மில் பலர் எண்ணுகின்றோம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பணியாற்றிய செல்மா ஃபிரைபேர்க் அம்மையார் அவ்வாறு எண்ணவில்லை. சக பணியாளர் இருவருடன் இணைந்து 1975இல் அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், ஐந்தரை மாதப் பெண் குழந்தையொன்றைக் காண்கின்றோம். குழந்தை கதறுகிறது, இளம் தாயோ அசையாதிருக்கின்றாள். அவளைக் கல்நெஞ்சக்காரி எனத் தீர்ப்பிடுவது எளிது. வீடு தேடிச் சென்ற பணியாளரோ தீர்ப்பிடவில்லை. அத்தாயின் சிறுவயதுத் துயரத்திற்குச் செவிமடுத்தார். அன்று ஒருவரும் கேளாத தன் அழுகையை அவள் அழத் தொடங்கிய பின்னரே, பிள்ளையை வாரி அணைக்கலானாள்.

அவ்வாறாயின், அப்பணியாளரின் மனப்பாரத்தைக் கேட்பவர் யார்? பிறர் வீட்டுக் கண்ணீரைச் சுமப்பவருக்குச் சினமும் சலிப்பும் எழுவது இயல்பே. அவற்றை அனுபவமிக்க ஒருவரிடம் தவறாது பகிர்ந்து, தம் உள்ளத்தைத் தாமே ஆராய்ந்து பார்ப்பது இன்று இத்துறையில் இன்றியமையாத பயிற்சியாகக் கொள்ளப்படுகிறது.

அன்பானவர்களே, நம் வீடுகளுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தருக்கும், இல்லங்களைச் சந்திக்கும் அருட்சகோதரியருக்கும் இது பொருந்தும். பதிவேட்டைச் சரிபார்ப்பது மட்டும் மேற்பார்வை ஆகாது. "அந்த வீட்டிலிருந்து திரும்பியபோது உங்கள் மனம் எப்படி இருந்தது?" என்று பரிவோடு வினவ ஒருவர் வேண்டும். பொறுப்பிலுள்ளோர் மாதத்தில் ஒரு மணி நேரமேனும் இதற்கென ஒதுக்குவார்களாக. அதன் பயன் தாயையும், தாய் வழியே தொட்டில் பிள்ளையையும் சென்றடையும்.