அடுக்களைக்கும் கிறிஸ்துமஸ் வரட்டும்



டிசம்பர் பிறந்ததும் கிறிஸ்தவக் குடும்பங்களின் வாயிலில் விண்மீன் விளக்கு ஏறிவிடுகிறது. கூடத்தின் மூலையில் குடில் அமைகிறது. சன்னலில் வண்ணத் தோரணம் தொங்குகிறது. விருந்தினர் கண்ணில் படும் இடங்கள் யாவும் பொலிவு பெற்ற பின்னரும் ஓர் இடம் மட்டும் பழைய கோலத்திலேயே இருந்துவிடுகிறது. அதுதான் அடுக்களை. முறுக்கும் அதிரசமும் கல்கலும் அங்கேதான் உருவாகின்றன. கேக்குக்குரிய மாவு அங்கேதான் கலக்கப்படுகிறது. பண்டிகைக்கு முந்திய நாட்களில் இல்லத்தரசி தன் பொழுதில் பெரும்பகுதியை அங்கேயே கழிக்கிறாள். பண்டிகையைச் சமைத்தளிக்கும் இடத்திற்குப் பண்டிகை எட்டிப் பார்ப்பதில்லை என்பது நியாயமாகுமா?

மும்பையில் ஒற்றையறைச் சாலில் வாழ்வோருக்கும், தில்லியிலும் கொல்கத்தாவிலும் சிறு வீடுகளில் குடியிருப்போருக்கும் இது இன்னும் நெருங்கிய செய்தி. அவர்களுக்கு அடுக்களை என்பது தனியறையன்று. அடுப்பு மேடைக்கு நான்கடி தள்ளிக் குழந்தைகள் பாடம் படிப்பார்கள், அங்கேயே உணவும் உறக்கமும் நிகழும். சொந்த ஊரின் கோயில் மணியையும் பாட்டி வீட்டு முற்றத்தையும் காணாமல் வளரும் பிள்ளைகளுக்கு, பிற்காலத்தில் கிறிஸ்துமஸ் என்றதும் நினைவுக்கு வரப்போவது இந்தச் சின்னஞ்சிறு இடமும் அதன் மணமுமே. ஆதலின் அதை அழகு செய்வது வீண் ஆடம்பரம் ஆகாது.

ஆனால், அழகு செய்வதென்றால் பணம் வேண்டுமே என்பீர்கள். மும்பையில் கிராபர்டு மார்க்கெட்டுக்கோ, கொல்கத்தாவில் நியூ மார்க்கெட்டுக்கோ, தில்லியில் சதர் பஜாருக்கோ இம்மாதத்தில் சென்றால் கண்ணைப் பறிக்கும் ஜிகினாப் பொருள்கள் குவிந்து கிடக்கும். அவற்றுள் பெரும்பாலானவை அடுக்களைக்கு ஏற்றவையல்ல. பஞ்சினால் செய்த பனியும் ஜிகினா மாலையும் ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். மினுமினுக்கும் தூள் பாலிலும் மாவிலும் உதிரும். தெர்மோகோலை அலங்காரத்திற்குப் பயன்படுத்துவதோ 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதிலும் தடை செய்யப்பட்டிருக்கிறது.

அடுக்களை அலங்காரத்திற்கு மூன்று இலக்கணங்கள் போதும். அது அடுப்பை அண்டக் கூடாது. உணவில் உதிரக் கூடாது. பண்டிகை முடிந்த பின் குப்பைக்குப் போகாமல் பயன்பட வேண்டும். இம்மூன்றுக்கும் உட்பட்டுச் செய்யத்தக்க சிலவற்றை இங்கே கூறுவோம். வீட்டில் உள்ளவை போக, புதிதாக வாங்க வேண்டுபவை சொற்பமே.

முதற்கண் தூய்மை. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய சுவரில் எந்தத் தோரணமும் அழகு தராது. வெந்நீரில் சிறிது சலவைச் சோடாவைக் கரைத்து, துணியை நனைத்துத் துடைத்தால் மேடையின் ஓடுகளும் அலமாரிக் கதவுகளும் பளிச்சிடும். கையுறை அணிந்துகொள்வது நலம். அலுமினியப் பாத்திரங்களில் மட்டும் இந்நீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவை கறுத்துப் போகும். காலியான ஹார்லிக்ஸ் புட்டிகளையும் ஊறுகாய்ப் புட்டிகளையும் கழுவி, நன்கு உலர்த்தி வையுங்கள். கல்கல், முறுக்கு, முந்திரிக்கொத்து ஆகியவற்றைத் தனித்தனியே நிரப்பி, மூடியின் கழுத்தில் சிவப்பு நாடா ஒன்று கட்டி வரிசையாக அடுக்கினால் அதற்கு மேலும் ஓர் அலங்காரம் வேண்டுமோ? பலகாரமே அணிகலனாகி விடுகிறது.

அடுத்து, அஞ்சறைப் பெட்டியின் பக்கம் திரும்புவோம். பிரியாணிக்காக நாம் வாங்கி வைக்கும் அன்னாசிப்பூவைக் கையிலெடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் எட்டு இதழ்களோடு ஒரு விண்மீன் போலவே அது அமைந்திருக்கும். பெத்லகேமின் விண்மீனைக் கடையில் தேடுவானேன்? அது நம் டப்பாவிலேயே உறங்கிக் கிடக்கிறது! முழுமையான பூக்களாகத் தேர்ந்து, அழுத்தமான நூலில் ஒரு சாண் இடைவெளிக்கு ஒன்றாகக் கட்டுங்கள். இடையிடையே பிரிஞ்சி இலைகளையும் காம்புள்ள சிவப்பு மிளகாய்களையும் கோக்கலாம். பச்சையும் சிவப்பும் பழுப்பும் கலந்த இம்மாலை அலமாரியின் விளிம்பில் மிக எடுப்பாக இருக்கும். பட்டைத் துண்டுகள் நான்கைந்தைச் சேர்த்துச் சிவப்பு நூலால் கட்டி ஆங்காங்கே தொங்கவிடலாம். ஆவி படும் இடத்தில் மட்டும் மாட்டாதீர்கள். மும்பை போன்ற கடற்கரை நகரங்களில் ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். சாயமோ பசையோ பூசாதிருந்தால், பண்டிகைக்குப் பின் துடைத்து வெயிலில் காய வைத்துச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

மணத்திற்கு ஆரஞ்சும் கிராம்பும். பழத்தின் தோலில் ஊசியால் துளையிட்டு, ஒவ்வொரு துளையிலும் ஒரு கிராம்பைச் செருக வேண்டும். வளையமாகவோ விண்மீனாகவோ செருகலாம். குழந்தைகள் இதில் போட்டியிட்டு ஈடுபடுவார்கள். நாகபுரி ஆரஞ்சின் தோல் தளர்வானது, விரைவில் அழுகிவிடும். ஆதலின் தோல் ஒட்டிய சாத்துக்குடியோ, வட இந்தியச் சந்தைகளில் இக்காலத்தில் கிடைக்கும் கின்னுப் பழமோ ஏற்றது. பண்டிகைக்கு மூன்று நான்கு நாள் முன்னதாகச் செய்தால் போதும். செருகுவது கன்னியாகுமரி மலைத்தோட்டத்துக் கிராம்பாக இருந்தால் கூடுதல் மகிழ்ச்சி; அது 2021ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. பிள்ளைகளிடம் சொல்லுங்கள், தம் ஊர்ப்பக்கத்தின் விளைபொருள் ஒன்றைக் கையால் தொட்டறியட்டும்.

இனி விண்மீன். மளிகைக் கடையிலிருந்து வரும் பழுப்புக் காகிதப் பைகளில் ஒரே அளவுள்ளவையாக எட்டைச் சேர்த்து வையுங்கள். முதற்பையின் முகத்தில், மூடிய அடிப்புறம் நெடுகவும், நடுவே மேல்நோக்கி ஒரு கோடாகவும் பசை தடவி, அடுத்த பையை அதன்மேல் நேராக ஒட்டுங்கள். இவ்வாறே எட்டையும் அடுக்குங்கள். காய்ந்த பின், திறந்த வாய்ப்புறத்தைக் கூம்பாக வெட்டி, ஓரங்களில் சிறு துளைகள் கத்தரியுங்கள். பிறகு விசிறிபோல் விரித்து முதற்பையையும் கடைசிப் பையையும் ஒட்டிவிட்டால் பெரியதொரு விண்மீன் மலர்ந்துவிடும். பசைக்கு ஒரு கரண்டி மைதாவை ஐந்து கரண்டி நீரில் கரைத்துக் காய்ச்சினால் போதும். பூச்சி அரிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் கலப்பது ஒரு பழைய வழக்கம். அது நஞ்சு, அடுக்களையில் வேண்டவே வேண்டாம்.

பசுமைக்குத் தேங்காய்ச் சிரட்டை இருக்கிறது. சிரட்டையில் சிறிது மண்ணோ தென்னை நார்த்தூளோ நிரப்பி, ஓரிரவு ஊற வைத்த கோதுமையைப் பரப்பி, நாள்தோறும் நீர் தெளித்துச் சன்னலோரம் வையுங்கள். டிசம்பர் 14 வாக்கில் விதைத்தால் பண்டிகைக்குள் விரல் நீளத்திற்கு மேல் பசும்புல் எழுந்து நிற்கும். தில்லிக் குளிரில் நான்கு நாள் முன்னதாகவே தொடங்க வேண்டும். முளைப்பாரி வளர்த்துப் பழகிய நமக்கு இது புதிதன்று. குடில்களில் வயல் காட்டவும் இவ்வாறே தானியம் முளைக்கவிடுவர். வாயிலுக்கு மாவிலைத் தோரணம். அது கிடைக்காத இடத்தில் வடநாட்டார் கட்டும் நெட்டிலிங்க இலையே போதும்.

தரையில் ஒரு கோலமும் இட்டுவிடலாம். ஏழு புள்ளி, இடைப்புள்ளி நான்கு வரை வையுங்கள். அறுகோண வடிவம் கிடைக்கும். அதன் ஆறு மூலைப் புள்ளிகளில் ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்றை நேர்கோட்டால் இணைத்தால் ஒரு முக்கோணம். எஞ்சிய மூன்றை இணைத்தால் மற்றொரு முக்கோணம். இரண்டும் சேர்ந்து ஆறுமுனை விண்மீன் ஆகிவிடும். நடுவில் விளக்கு வைக்க வேண்டும் என்று கை பரபரக்கும். அங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில்தான் தவழ்ந்து பரவும். ஆதலின் சிலிண்டர் உள்ள அறையில் தரையிலோ மேடையடியிலோ மெழுகுவத்தியும் அகல்விளக்கும் வைப்பது பேராபத்து. காகித விண்மீனும் மாலைகளும் அடுப்பிலிருந்து மூன்றடிக்குக் குறையாத தொலைவில் இருக்கட்டும். அடுப்புக்கு நேர்மேலே எதையும் தொங்கவிடாதீர்கள். ஒளி வேண்டுமென்றால், பழைய பால்மாவு டப்பாவில் ஆணியால் விண்மீன் வடிவில் துளையிட்டு, உள்ளே பேட்டரியில் எரியும் சிறு எல்.இ.டி. சரத்தை வையுங்கள். துளையிடும்முன் டப்பாவில் நீர் ஊற்றி உறைய வைத்துக்கொண்டால் தகரம் நசுங்காது. மின்சாரச் சரம் வாங்குவதானால் தர முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். தொட்டிக் குழாயின் அருகே கொண்டுபோகாதீர்கள். கிரைண்டரும் ஓவனும் இயங்கும் பிளக்கிலேயே அதையும் செருகாதீர்கள்.

நள்ளிரவு ஆராதனைக்குக் குடும்பமே புறப்படும் அவசரத்தில்தான் மறதி நேர்கிறது. விளக்குச் சரத்தை அணைத்தோமா, சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடினோமா என்று கதவைப் பூட்டும்முன் ஒருவர் பார்த்துவரட்டும். எரிவாயு நாற்றம் வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல், கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு, ரெகுலேட்டரை மூடி, வெளியே வந்து 1906 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். இந்த எண்ணை ஒரு வண்ண அட்டையில் பெரிதாக எழுதி ஓரத்தில் பூ வரைந்து அடுக்களைக் கதவில் ஒட்டினால் அதுவும் அலங்காரந்தானே!

இறுதியாக, வீட்டு ஆடவர்க்கும் சிறுவர்க்கும் ஒரு வார்த்தை. மேலே சொன்னவற்றை எல்லாம் இல்லத்தரசியின் தலையிலேயே மேலும் ஒரு சுமையாக ஏற்றிவிட்டால் இந்தக் கட்டுரை எழுதியதன் நோக்கமே கெட்டுவிடும். மாவு பிசையும் கைகள் ஓயாதிருக்கும்போது, சுவர் துடைப்பதும் மிளகாய் கோப்பதும் காகிதம் வெட்டுவதும் மற்றவர் பணி. தந்தை பசை காய்ச்சட்டும். மகன் கல்கலை முள்கரண்டியில் உருட்டட்டும். மகள் டப்பாவில் துளையிடட்டும். வேலை முடிந்த மாலையில், அம்மா வந்து பார்க்கும்படி விளக்கை ஏற்றிக் காட்டுங்கள். அவள் முகத்தில் தோன்றும் மலர்ச்சியை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க இயலாது.

1223ஆம் ஆண்டில் இத்தாலியில் கிரெச்சியோ என்னும் சிற்றூரில் அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸ் கிறிஸ்து பிறப்பின் காட்சியை அமைத்தபோது, அவர் நாடியவை வைக்கோலும் தீவனத் தொட்டியும் ஒரு மாடும் ஒரு கழுதையுமே. அவ்வூரில் எளிதாகக் கிடைத்தவற்றைக் கொண்டே அவர் அக்காட்சியை அமைத்தார். நம் வீட்டில் கிடைப்பவை சிரட்டையும் அன்னாசிப்பூவும் காகிதப் பையும். இவற்றுக்காகக் கடன்பட வேண்டுவதில்லை. வட்டி கட்ட வேண்டுவதுமில்லை.

சனவரி 6ஆம் நாள் மூவரசர் திருநாளன்று அலங்காரத்தை இறக்குங்கள். மசாலைப் பொருள்கள் டப்பாவுக்குத் திரும்பட்டும். காகித விண்மீன் மடங்கி அடுத்த ஆண்டுக்காகக் காத்திருக்கட்டும். வாடிய பழம் செடிக்கு உரமாகட்டும். அதற்குமுன், புட்டிகளில் உள்ள பலகாரத்தில் ஒரு தட்டு எதிர்வீட்டு மராத்தியச் சகோதரிக்கோ வங்காளச் சகோதரிக்கோ போகட்டும். அவர்கள் அடுக்களை வரை வந்து பார்த்தால் அழைத்துக் காட்டத் தயங்க வேண்டாம்.

நம் குடும்பங்கள் அனைத்திற்கும் கிறிஸ்துமஸ் நல்வாழ்த்துக்கள்.