பழைய கம்ப்யூட்டருக்கு அப்கிரேட் தர வேண்டாமா?

"ஐந்து வருஷம் ஆகிவிட்டதா? புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள்." பழைய கம்ப்யூட்டரைக் கொண்டு போனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. விற்ற நிறுவனமே அதனை மேம்படுத்தும் வழியையும் தர வேண்டும் என்பது என் கருத்து.

கம்பம், சின்னமனூர், போடி பக்கம் பல வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டராக வந்தது, 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தின் விலையில்லா லேப்டாப்தான். அப்போது வந்தவை பரணில் தூங்குகின்றன. ஆனால் அந்தக் காலத்து லேப்டாப்களில் பலவற்றின் அடிப்பக்க மூடியைத் திறந்தால் ராமையும் ஹார்ட் டிஸ்க்கையும் மாற்றலாம். ராமைக் கூட்டி, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டு, லினக்ஸ் பதிந்தால் டைப்பிங்கிற்கும் கணக்கு வழக்கிற்கும் இன்றும் போதும். தோட்டத்து மோட்டாரில் காயில் எரிந்தால் ரீவைண்டிங் செய்கிறோம். மோட்டாரையே தூக்கி எறிவதில்லை.

இன்று நிலைமை வேறு. பல மெல்லிய லேப்டாப்களில் ராமை மதர்போர்டிலேயே சால்டர் செய்துவிடுகிறார்கள். வாங்கும்போது 8 ஜிபி என்றால் கடைசி வரை 8 ஜிபிதான். விண்டோஸ் 10க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 சிப்பும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை ப்ராசசரும் வேண்டும். நன்றாக ஓடும் மெஷின்கூட இதனால் ஒதுக்கப்படுகிறது.

மெலிதாகவும் வேகமாகவும் தர இப்படித்தான் செய்ய வேண்டும் என்கின்றன நிறுவனங்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் மனம் இருந்தால் வழி உண்டு. 486 கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களுக்காகவே இன்டெல் 1995ல் பென்டியம் ஓவர்டிரைவ் ப்ராசசரை விற்றது. 2017ல் வந்த பல ஏஎம்4 மதர்போர்டுகளில், பயாஸை அப்டேட் செய்தால், 2020ல் வந்த ஏஎம்டி ரைசன் 5000 ப்ராசசர் வேலை செய்யும். ஃப்ரேம்வொர்க் என்ற அமெரிக்க நிறுவனம், 2021ல் தான் விற்ற லேப்டாப்பிலேயே பொருத்தும்படி புதிய மெயின்போர்டுகளைத் தனியாக விற்கிறது.

பதினைந்து வருஷத்துக்கு உதிரிபாகம் தயாரிக்கும்படி நான் கேட்கவில்லை. ராம், எஸ்எஸ்டி, பேட்டரி மூன்றையும் கழற்றி மாட்டும்படி வைக்கட்டும். எத்தனை வருஷம் பயாஸ் அப்டேட் உண்டு என்று பெட்டியிலேயே அச்சிடட்டும். மத்திய அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய ரிப்பேர் உரிமைக்கான இணையதளத்தில், மேம்படுத்தும் விவரங்களும் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

கம்பத்திலிருந்து மதுரைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். உள்ளூர் மெக்கானிக்கே திறந்து மாற்றக்கூடிய மெஷின்தான் நமக்கு லாபம். எனவே அடுத்த முறை கடைக்குப் போனால், விலை கேட்பதற்கு முன் "ராம் ஸ்லாட் இருக்கிறதா? எவ்வளவு வரை கூட்டலாம்?" என்று கேளுங்கள். நாம் கேட்காதவரை அவர்கள் தரப் போவதில்லை.