நிரந்தர நியமனம் கிடைக்காத தினேஷ் கார்த்திக்

தினேஷ் கார்த்திக்கைப் பத்தி நம்ம பக்கத்துப் பொடியன்மார் பேசினா ரெண்டே விசயந்தான் வரும். ஒண்டு, "டோனி மட்டும் இல்லாட்டி அவன் எங்கயோ போயிருப்பான்." மத்தது, கொழும்பில அவர் அடிச்ச எட்டுப் பந்து. ரெண்டும் உண்மைதான். ஆனா இருபது வருசத் தொழிலை இந்த ரெண்டுக்குள்ளயும் அடைச்சா, அதில நாம படிக்க வேண்டிய பகுதி முழுக்க வெளியிலதான் நிக்கும்.

2004 செப்டெம்பர்ல, 19 வயசில, லோர்ட்ஸ் மைதானத்தில கார்த்திக் முதல் ஒருநாள் போட்டி விளையாடினார். டோனி வந்தது அதுக்கு மூணு மாசம் கழிச்சு. ஆனா அடுத்த வருசம் டிசம்பர்ல, இலங்கைக்கு எதிரான டெஸ்ட்ல, கார்த்திக் இருந்த இடத்துக்கு டோனியை எடுத்தாங்க. அந்த டெஸ்ட் நடந்த இடம் சென்னை சேப்பாக்கம், கார்த்திக்கின்ட சொந்த ஊர் மைதானம். இதைவிட ஒரு ஆளை எப்படி வெளியில அனுப்புறது?

அதுக்குப் பிறகு அவர் செஞ்சதுதான் எனக்குப் பெரிசாத் தெரியுது. விக்கெட் காப்பாளர் வேலை போச்சா, சரி, ஆரம்பத் துடுப்பாட்டம். 2007ல இங்கிலாந்தில மூணு டெஸ்ட்ல 263 ஓட்டம் எடுத்தார். அந்தத் தொடர்ல இந்தியாவுக்காக அதுதான் ஆகக்கூட. இந்தியா அங்க 21 வருசத்துக்குப் பிறகு தொடரை வெண்டது. அப்படியும் இடம் நிலைக்கல்ல. 2010 சனவரிக்குப் பிறகு அவருக்கு அடுத்த டெஸ்ட் கிடைச்சது 2018 ஜூன்ல. இடையில இந்தியா 87 டெஸ்ட் விளையாடி முடிச்சிருந்தது.

ஐ.பி.எல். கணக்கு இன்னும் வேடிக்கை. டெல்லி, பஞ்சாப், மும்பை, திரும்ப டெல்லி, பெங்களூர், குஜராத் லயன்ஸ், கொல்கத்தா, திரும்ப பெங்களூர். 17 வருசத்தில ஆறு அணி, எட்டுத் தடவை பெட்டி கட்டுதல். 2014ல டெல்லி 12.5 கோடி இந்திய ரூபாய் குடுத்து எடுத்தது. அடுத்த வருசம் பெங்களூர் 10.5 கோடி. அதுக்கடுத்த வருசம் குஜராத் 2.3 கோடி. அதே கை, அதே மட்டை. சென்னை சூப்பர் கிங்ஸ் மட்டும் ஒரு நாளும் எடுக்கல்ல.

அமெரிக்கக் கால்பந்தில இப்படி அணி அணியாப் போறவங்களை 'ஜேர்னிமேன்' எண்டு சொல்லுவாங்க. ஜோஷ் ஜோன்சன் எண்டு ஒருத்தர் 14 அணியில இருந்திருக்கார். அந்தச் சொல் முதல்ல கைத்தொழில்காரங்களோடது: வேலை பழகி முடிச்சவன், ஆனா சொந்தப் பட்டறை இல்லாதவன், நாட்கூலிக்குப் போறவன். நம்ம ஊர்ல மேசன் பாஸுக்குக் கீழ பத்து வருசமா நிக்கிறவரை யோசிச்சுப் பாருங்க. அவருக்கு வேலை தெரியாது எண்டு யாரும் சொல்ல ஏலாது.

இப்ப கொழும்புக்கு வருவம். 2018 மார்ச், சுதந்திரக் கிண்ணம். இலங்கையின் 70 வருசச் சுதந்திரத்துக்கு நடத்தின தொடர். பிரேமதாச மைதானத்தில முதல் போட்டி நடந்த மார்ச் 6ஆம் திகதிதான் நாட்டில அவசரகாலச் சட்டம் போட்டாங்க. திகனயில வீடும் கடையும் எரிஞ்ச நேரம். அதுக்கு ஒரு கிழமைக்கு முந்தி அம்பாறை டவுன்ல பள்ளிவாசல் தாக்கப்பட்டிருந்தது. பேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாம் தடை. அவசரகாலச் சட்டத்தை எடுத்ததாச் சொன்னது 18ஆம் திகதி, இறுதிப் போட்டி நடந்த அதே நாள். சுதந்திரக் கிண்ணம் எண்ட பேரை நம்ம பக்கத்தில யாரும் சிரிக்காமச் சொல்லியிருக்க மாட்டாங்க.

அண்டைக்கு பங்களாதேஷுக்கு எதிரா இந்தியாவுக்கு வெற்றி இலக்கு 167. கொழும்பு ரசிகர்கள் இந்தியாவுக்குக் கத்தினாங்க. ரெண்டு நாளைக்கு முந்தி நம்மளைத் தோற்கடிச்சுட்டு பங்களாதேஷ்காரன் ஆடின பாம்பு நடனம் அப்படி. கார்த்திக்கை ஏழாவது ஆளாத்தான் இறக்கினாங்க. அவருக்கு முந்திப் போன விஜய் சங்கரும் தமிழ்நாட்டுப் பொடியன்தான், பாவம், பந்து மட்டையில படவே இல்ல. கார்த்திக் உள்ள வரக்குள்ள 12 பந்தில 34 ஓட்டம் தேவை. ருபெல் ஹுசைன்ட ஓவர்ல 22. கடைசிப் பந்தில அஞ்சு ஓட்டம் வேணும், சௌம்ய சர்க்கார் போட்டார், எக்ஸ்ட்ரா கவருக்கு மேலால தட்டையாப் போய் சிக்ஸர். 8 பந்து, ஆட்டமிழக்காம 29.

இந்த வீடியோவுக்குக் கீழதான் "பொறுமையா இரு, உன் நேரம் வரும்" எண்டு எழுதிப் பரப்புறாங்க. எனக்கு அதுலதான் கோவம். ஒலுவில் கெம்பஸ் வாசல்ல இருந்து கல்முனை வரைக்கும் நம்ம ஆக்கள்கிட்ட கேக்கிற முதல் கேள்வி, "என்ன வேலை மனே, நிரந்தரமா?" சம்பளமே இல்லாமப் படிப்பிச்ச தொண்டர் ஆசிரியர்கள், 20,000 ரூபாக் கொடுப்பனவில காலம் தள்ளின பட்டதாரிப் பயிலுனர்கள், எல்லாருக்கும் சொன்னது இதே பொறுமைதான். யாரு இவங்களைக் காக்க வைச்சது எண்டு கேக்க வேண்டிய இடத்தில, காத்திருக்கிறதையே ஒரு குணமாக்கிப் புகழுறது ஆகச் சுகமான வேலை.

கார்த்திக்கிட்ட கோடிக்கணக்கில காசு இருந்தது, நம்மட்ட இல்ல. அந்த வித்தியாசம் சின்னதில்ல. ஆனா தற்காலிக ஆளுக்கு நடக்கிறது ரெண்டு பக்கமும் ஒண்டுதான். 2019 உலகக் கிண்ண அரையிறுதியைப் பாருங்க. நியூஸிலாந்துக்கு எதிரா இந்தியா அஞ்சு ஓட்டத்துக்கு மூணு விக்கெட்டை இழந்து நிக்கிறது. ரோகித், ராகுல், கோலி ஆளுக்கு ஒரு ஓட்டம். கார்த்திக் 25 பந்தில ஆறு. முந்தினவங்க மூணு பேரும் பிறகும் வருசக்கணக்கா விளையாடினாங்க. கார்த்திக்குக்கு அதுதான் கடைசி ஒருநாள் போட்டி. நிரந்தரக்காரன் பிழை விடலாம். தற்காலிகக்காரன் விட்டா அது அவன்ட குணம்.

அதனாலதான் அவர் கொண்டாடப்பட வேண்டிய இடம் அந்த சிக்ஸர் இல்ல எண்டு நினைக்கிறன். 2006 டிசம்பர்ல இந்தியாவின்ட முதல் இருபது ஓவர் சர்வதேசப் போட்டியில ஆட்டநாயகன் அவர்தான். அந்த வகைப் போட்டியில அவர்ட முதல் அரைச்சதம் வந்தது 2022 ஜூன்ல, ராஜ்கோட்ல, 37 வயசில. இடையில வர்ணனையாளர் வேலைக்கும் போய் வந்தார். கடைசி அஞ்சு ஓவரை மட்டும் தனித் தொழிலாப் பழகி, அதுக்குள்ள தனக்கு ஒரு வேலையை அவரே உண்டாக்கிக்கொண்டார். அந்த வேலைக்கு அதுக்கு முந்தி விளம்பரமே இல்ல.

2024 ஜூன் 1, 39ஆவது பிறந்த நாள்ல ஓய்வு எண்டு அறிவிச்சார். ஏழு மாசத்தில தென்னாபிரிக்கா போய் பார்ல் ரோயல்ஸ் ஜேர்சியைப் போட்டார், அந்த லீக்கில விளையாடின முதல் இந்தியர். அதே வருசம் ஜூன்ல பெங்களூர் 18 வருசத்தில முதல் தடவையாக் கிண்ணம் தூக்கினப்போ, அவர் துடுப்பாட்டப் பயிற்சியாளரா அந்தக் கூட்டத்தில நிண்டார்.